சொனாட்டா அண்ணையின் ரைஸ் குக்கர்

மொன்றியல் முழுக்கத் தேடினாலும், சோறே அவியாத ரைஸ் குக்கருக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த மனிதர் சொனாட்டா அண்ணை ஒருவர்தான்.

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்கள் கட்டடத்தில் அவர் மேல் வீடு, நான் கீழ் வீடு. பகலில் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுவார். மாலை ஆறு மணிக்கு வயலினை எடுப்பார். எல்லாம் தனி வயலினுக்கு இத்தாலிக்காரர் முந்நூறு வருடத்துக்கு முன் எழுதிய சொனாட்டா என்னும் உருப்படிகள்; பெயரும் அப்படித்தான் ஒட்டியது. யாழ்ப்பாணத்தில் கர்நாடக சங்கீதம் பழகியவர் என்பதால், அவற்றையும் சப்பாணி கட்டி உட்கார்ந்து, வயலின் தலையைக் காலில் ஊன்றித்தான் வாசிப்பார். இடையிடையே கமகமும் விழும்.

"அண்ணை, இத்தாலிக்காரர் கோவிக்க மாட்டினமே?"

"ஏன் கோவிக்கினம்? சோடினை அலங்காரமெல்லாத்தையும் வாசிக்கிறவன்ர கையில விட்டிட்டுத்தான் போனவை. நான் என்ர சோடினையைப் போடுறன்."

முதல் பனிக்காலத்தில் எனக்குத் தாங்க முடியவில்லை. நேரே போய்ச் சொல்லக் கூச்சம். விளக்குமாற்றுத் தடியால் தலைக்கு மேல் முகட்டில் தட்டினேன். மறுநாள் படியில் மறித்தார்.

"தங்கச்சி, தாளம் சுத்தம்! இரண்டாம் பாகத்திலதான் கொஞ்சம் அவசரப்படுறியள்."

அதன் பிறகு முறைப்பாடு சொல்ல வழியேது?

பழைய முறைப்படி ஆட்டுக் குடலில் செய்த தந்திதான் போடுவார். ஹீட்டர் சூட்டில் அது காய்ந்து அறும். அதனால் வயலினுக்குப் பக்கத்தில் ரைஸ் குக்கரில் வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். சாப்பாட்டு நேரம் பார்த்துப் போனவர்கள் ஆவி பிடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

ஒரு மாசி மாதம், பக்கத்துத் தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்தும் பிரெஞ்சுக்கார மதாம், ஞாயிறு பின்னேரம் அங்கே வாசிக்கக் கேட்டார். அண்ணைக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

"பதினெட்டு வருசமாச் சுவருக்குத்தான் வாசிச்சனான். ஆக்களுக்கு முன்னால இதுதான் முதல். தந்தி அறுந்தா என்ர கதை முடிஞ்சுது. குக்கரோட வாங்கோ, தங்கச்சி."

"நானோ? அவ்வளவு சனத்துக்கு முன்னாலயோ?"

"உங்களை ஆர் பாக்கப் போயினம்? குக்கரைத்தான் பாப்பினம்."

பார்த்தார்கள். அவர் பாயில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் குக்கரை வைத்து மூடியைத் திறந்துவிட்டு, தலையை நிமிர்த்தவே இல்லை. நடுவில் ஒரு தந்தி சுருதி இறங்கியது. அண்ணை நிறுத்தினார். விறைத்த கையை ஆவியில் காட்டினார். ஆறுதலாகச் சுருதி கூட்டி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தந்தி அறவில்லை. அவர் முடித்தபின் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

தட்டிய கையோடு காகிதத் தட்டுகளை எடுத்துக்கொண்டு குக்கருக்கு முன்னால் வரிசையும் கட்டினார்கள்! மதாம் எட்டிப் பார்த்தார். தண்ணீர். எனக்கோ நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது. மதாம் விழுந்து விழுந்து சிரித்து, ஒரு பெட்டி தேநீர்ப் பைகளைக் கொண்டுவந்து நீட்டினார்.

"ஊத்துங்கோ தங்கச்சி, ஊத்துங்கோ," என்றார் அண்ணை. கண் கலங்கியிருந்தது. ஆவி என்று சொன்னார்.

இன்றும் அவர் மேலேதான் இருக்கிறார். ஆறு மணி தாண்டியும் வயலின் கேட்கவில்லையென்றால், நான் விளக்குமாற்றை எடுத்து, அவசரப்படாமல், தாளத்தைத் தொடங்கிவிடுகிறேன்.