செடிகளுக்குச் சாக்குச் சட்டை

இந்தத் திருவண்ணாமலைக்கு எத்தனையோ மகான்கள் வந்திருக்கிறார்கள். அத்தனை பேரும் மனிதர்களை விழித்துக்கொள்ளச் சொன்னார்கள். செடிகளைத் தூங்கச் சொன்னவர் எங்கள் பக்கத்து வீட்டு சக்கரவர்த்தி ஒருவரே. வேங்கிக்காலில் புதிதாக முளைத்த எங்கள் நகரின் நலச் சங்கச் செயலாளர் என்ற முறையில் இதை முழுப் பொறுப்புடன் சொல்கிறேன்.

சக்கரவர்த்தி ஓய்வுபெற்ற பொறியாளர். 1999இல் அமெரிக்காவில் இருக்கும் மகன் நவீன் வீட்டில் சில மாதம் தங்கிவிட்டு, ஒரு ஸ்வெட்டரோடும் தடித்த தோட்டப் புத்தகத்தோடும் புரட்டாசியில் திரும்பினார். வீட்டுக்குப் பின்னால் தோட்டம் இருந்தது. அவர் ஊர் ஊராக மாற்றலாகிப் பாலம் கட்டிக்கொண்டிருந்த காலமெல்லாம் அவர் மனைவி கனகலதா தனியாக வளர்த்தது. மல்லி, கனகாம்பரம், செம்பருத்தி, வேலியோரம் டிசம்பர் பூ. கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் த்ரிசலாவுக்குக் கார்த்திகையில் வளைகாப்பு. மகளின் சடையை இந்தத் தோட்டத்துப் பூவால்தான் தைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

ஐப்பசியில் ஒருநாள் சக்கரவர்த்தி என்னைக் கூப்பிட்டு அறிவித்தார்.

"இலையுதிர்காலம் தொடங்கிடுச்சு சார்."

"வெளியே மழை கொட்டுதுங்களே?"

"அது வேற டிபார்ட்மென்ட்."

இலைகளுக்கு இந்த அறிவிப்பு போய்ச் சேரவில்லை. சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, செம்பருத்தியின் இலைகளைத் தாமே உதிர்த்தார். "இயற்கையை அப்படியே விட்றக்கூடாது சார். மேற்பார்வை வேணும்" என்றார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்து, தூங்கும் செடிக்குத் தண்ணீர் கம்மி பண்ண வேண்டும் என்றது புத்தகம். மழை புத்தகம் படித்ததில்லை. எனவே தோட்டம் முழுக்கத் தார்ப்பாய் கட்டினார். உறைபனி தாக்காமலிருக்க, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைச் சாக்குகளை வாங்கி ஒவ்வொரு செடிக்கும் சட்டை தைத்துப் போட்டார். கறிவேப்பிலைக்குக் காலர்கூட வைத்தார். தொட்டிச் செடிகள் இருட்டான ஸ்டோர் ரூமுக்குள் போயின. இந்த ஊரில் உறைபனி விழுந்ததாக யாருக்கும் நினைவில்லை. முன்னெச்சரிக்கை என்பதே அதுதானே.

கனகலதா அம்மா சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"செடிக்கு எதுக்குங்க இவ்ளோ ஓய்வு? அது எந்த ஆபீஸ்ல வேல பாத்துச்சு?"

"இப்ப தூங்கினாதான் வசந்தத்துல ஜாஸ்தியா பூக்கும்."

"வளைகாப்பு கார்த்திகையில."

"ஒரு மூணு மாசம் தள்ளி வெச்சுக்கலாமே?"

"சரி. வயித்துல இருக்கிற கொழந்தைகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

சொல்பேச்சுக் கேட்காத செடி ஒன்று இருந்தது. டிசம்பர் பூ. சாக்குக்குள்ளேயே மொட்டு விட்டது. வளைகாப்புக்கு முந்தின வாரம் சட்டையைக் கழற்றிப் பார்த்த சக்கரவர்த்தி, கடமை தவறாமல் அத்தனை மொட்டையும் கத்தரித்துப் போட்டார். "தூங்குற நேரத்துல பூக்கிறது ஒழுங்கீனம் சார்" என்றார் என்னிடம்.

அம்மா தோட்டத்துக்கு வந்தார். மண்ணில் கிடந்த ஊதா மொட்டுகளைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டு, துணி துவைக்கிற கல்லில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் அன்று அதற்கப்புறம் அவர்கள் வீட்டுப் பக்கம் போவதைத் தவிர்த்தேன்.

த்ரிசலாவின் சடைக்குக் கோயில் வாசலில்தான் பூ வாங்கினார்கள். பிரசவத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வருவது உலக வழக்கம். இங்கே தாய், மகள் வீட்டுக்குப் போனார். காரணம் கேட்ட உறவினர்களுக்கு அம்மா சொன்ன பதில்: "எங்க வீட்ல செடியெல்லாம் தூங்குதுங்க. கொழந்தை அழுதா எழுந்துக்கும்."

சக்கரவர்த்தி தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு குளிர்காலத்தைக் காவல் காத்தார். மாசியில் பேத்தி பிறந்தாள். பங்குனியில் வெயில் மண்டையைப் பிளந்தபோது, வசந்தம் வந்துவிட்டதாகச் சொல்லிச் சாக்குகளைக் கழற்றினார். உள்ளே குச்சிகள் இருந்தன.

"இன்னும் அசதி தீரல" என்று அவற்றுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். ஒருநாள் ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணு துளிர்த்தாலும் போதும் சார். கனகாவுக்கு போன் பண்ணலாம்னு இருக்கேன்."

நான் குச்சிகளைப் பார்த்தேன். "துளிர்க்கும் சார்" என்றேன். செயலாளர் வேறென்ன சொல்ல முடியும்?

சித்திரையில் சங்க ஆண்டு விழா. வரும் குளிர்காலத்தில் நகர்ப் பூங்கா முழுவதற்கும் சாக்குச் சட்டை போடுவதென்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. முன்னோடிக்குப் பொன்னாடை. பேத்தியைக் காட்டுவதற்காக அன்றுதான் வந்திருந்த கனகலதா அம்மா, குழந்தையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் மைக்கைப் பிடித்தேன்.

"மகாஜனங்களே! ஐயாவின் அறிவியல் பூர்வமான ஏற்பாடுகளால், அவர் தோட்டத்தில் ஒரே ஒரு செடியைக்கூட உறைபனி கொல்லவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்டல் ஓயும்வரை அம்மா காத்திருந்தார். பிறகு, மடியில் தூங்கும் குழந்தை எழுந்துவிடாதபடி மெதுவாகச் சொன்னார்.

"எப்படிங்க கொல்லும்? அது வர்றதுக்குள்ள இவரே கொன்னுட்டாரு."