வட்டு பெரிதானது, இடம் வரவில்லை

சுரபாயா,
நோன்பு இருபத்தாறாம் நாள்.

நமது கப்பல் நிறுவனத்தின் ஜகார்த்தா தலைமை அலுவலகத்தில் கணினித் துறை இயக்குநராகவும், என் மனைவி எண்டாங்கின் ஒரே தம்பியாகவும் விளங்கும் மதிப்புக்குரிய ஹார்யாதி அவர்களுக்கு, சுரபாயா கிளையில் பத்தொன்பது வருஷமாக செர்வர்களைக் கட்டி மேய்க்கும் வர்சிதோ எழுதுவது. இங்கே நானும் தங்கள் அக்காவும் நலம். அங்கே தாங்களும், தங்கள் குடும்பமும், தங்கள் அறையின் ஏசியும் நலமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக.

பயணச்சீட்டுத் தரவுகள் இருக்கும் செர்வர் வட்டு (டிஸ்க்) நிரம்பப் போகிறது, பெரிதாக்க வேண்டும் என்று தங்களுக்கு நான்கு தடவை எழுதினேன். மூன்றுக்குப் பதிலே இல்லை. நாலாவதற்குக் கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்று வந்தது. பிறகு செவ்வாய்க்கிழமை தாங்களே போன் செய்தீர்கள். "அத்தான், நீங்க கேட்டதைவிட ரெண்டு மடங்கு குடுத்தாச்சு. லெபாரான் பண்டிகை முடியிற வரைக்கும் இனி என்னை விட்டுடுங்க." நன்றி. வட்டு பெரிதானது. ஆனால் வட்டு பெரிதானால் இடம் தானாக வந்துவிடாது என்பதை இயக்குநர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை போலிருக்கிறது. வட்டு வளர்ந்த சேதி அதில் பிரித்து வைத்திருக்கும் பார்ட்டிஷனுக்குத் தெரியாது. பார்ட்டிஷனை நீட்டினால் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கோப்பு அமைப்புக்குத் தெரியாது. ஒவ்வொன்றிடமும் தனித்தனியாகப் போய்ச் சொல்ல வேண்டும். பத்து நிமிஷ வேலை. நானே முடித்திருப்பேன். நீ விட்டாயா? "பண்டிகை நேரம் அத்தான், ரிஸ்க் வேணாம், ஒரு நிபுணரை அனுப்புறேன்" என்றாய்.

நிபுணர் ரேனால்டி நேற்றுக் காலை பத்து மணிக்கு வந்து இறங்கினார். நாற்பத்திரண்டு ஸ்லைடு காட்டினார். அதில் செர்வர் ஒன்றில்கூட இல்லை, மேகங்கள் நிறைய இருந்தன. என் திரையை எட்டிப் பார்த்து, மரியாதைக்கு ஒரு 'பாக்' போட்டு, "பாக் வர்சிதோ, நீங்க இன்னும் கமாண்ட் அடிச்சுத்தான் வேலை பாக்குறீங்களா?" என்று கேட்டார். "இல்லப்பா, துஆ ஓதிப் பாத்தோம், செர்வர் கேக்கல" என்றேன். சிரிக்கவில்லை. நோன்பு வைத்திருந்தார் போலும்.

விஷயம் என்னவென்றால், நம் வட்டில் இரண்டாவது பார்ட்டிஷனில் தரவுகள், அதற்கு ஒட்டினாற்போல் மூன்றாவதாகக் குட்டியாக ஒரு ஸ்வாப். நினைவகம் பற்றாதபோது செர்வர் தற்காலிகமாக எடுத்து வைக்கும் இடம் அது. புதிதாக வந்த காலி இடம் அதற்கும் அப்பால். ஆகவே முதலில் ஸ்வாப்பை நிறுத்தி, மூன்றாவதை அழித்தால்தான் இரண்டாவதை நீட்ட முடியும். இதைத்தான் அவரிடம் சொன்னேன். "தெரியும் பாக், தெரியும்" என்றார். தெரிந்த கையால் இரண்டாவதை அழித்தார். ஓடிக்கொண்டிருந்த செர்வருக்கு அது உடனே உறைக்காததால் எல்லாம் நன்றாக நடப்பதாகவே தோன்றியது. நான் அவர் கையைப் பிடிப்பதற்குள், "ஒரு தடவை அணைச்சுப் போட்டா ஃப்ரெஷ்ஷா ஆயிடும்" என்று அணைத்தும் போட்டார். ஆனது. ஒரே ஒரு சீட்டுகூட இல்லாமல் அவ்வளவு ஃப்ரெஷ்ஷாக வந்தது.

ஐந்து நிமிஷத்தில் துறைமுகச் சீட்டுக் கவுன்ட்டரில் இருக்கும் யூலியாத்தியிடமிருந்து போன். "பாக், இங்க திரையெல்லாம் வெள்ளையா இருக்கு, ஆளுங்க முகமெல்லாம் சிவப்பா இருக்கு. எப்ப வரும்?" பின்னால் ஒருவர் கத்துவது எனக்கே கேட்டது. சஹ்ரானி என்கிற கொத்தனாராம். மூன்று லெபாரானாக ஊர்ப் பக்கம் போகாதவர். மூன்று மணிக் கப்பலை விட்டால் பண்டிகைக்கு முன் பன்ஜர்மாசினுக்கு வேறு கப்பலில் இடம் கிடையாது. "நான் காட்டுறது டிக்கெட்டு. நீங்க காட்டுறது சுத்திக்கிட்டே இருக்கிற வட்டம். இதுல யாரும்மா பொய் சொல்றது?" என்று கேட்டார். ஹார்யாதி, இந்தக் கேள்விக்கு உன் நிபுணரின் நாற்பத்திரண்டு ஸ்லைடில் பதில் இருக்கிறதா?

யூலியாத்தி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பள்ளிக்கூட நோட்டு ஒன்றை வாங்கி, ஒவ்வொருவர் போனிலும் இருந்த முன்பதிவு எண்ணையும் பெயரையும் கையால் எழுதி, முத்திரை குத்தி ஏற்றினாள். இங்கே நான் பழைய பார்ட்டிஷன் எந்த இடத்தில் தொடங்கியது என்ற எண்ணை, செர்வர் அலமாரிக் கதவின் உட்புறம் நானே ஒட்டிவைத்த காகிதத்தில் பார்த்து, ஸ்வாப்பை நிறுத்தி அழித்துவிட்டு, அதே இடத்தில் தொடங்கிப் புது இடத்தின் கடைசிவரை நீளுமாறு மறுபடி வரைந்தேன். என்டர் தட்டுமுன் எண்ணை மூன்று தடவை சரிபார்த்தேன். ஓர் எண் பிசகினால் பண்டிகைக்கு ஊர் போகும் அத்தனை பேரும் நடுத்தெருவில். தரவுகள் ஒன்றுகூடக் குறையாமல் எழுந்து வந்தன, கோப்பு அமைப்பையும் புது இடம் முழுக்க நீட்டி முடித்தேன். அந்தச் சமயம் நிபுணர் தொழுகை அறையில் இருந்தார். அவர் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான்.

கப்பல் நாற்பது நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது, சஹ்ரானியும் போய்விட்டார். நோட்டில் இருந்த நானூற்றுச் சொச்சம் பெயரையும் தரவோடு ஒப்பிட்டோம். ஒரே ஒருவர் போன வருஷச் சீட்டில் ஏறியிருந்தார். அவர் நம் வட்டார மேலாளரின் மாமனார்.

இன்று காலை நீ அலுவலகக் குழுவில் என்ன போட்டிருக்கிறாய்? 'இடவிரிவாக்கத்தை வெற்றிகரமாக முடித்த ரேனால்டிக்குப் பாராட்டு.' எனக்கு மட்டும் தனியே ஒரு கடிதம், பார்ட்டிஷனை இப்படிப் பழங்காலத்து முறையில் வைத்ததற்கு விளக்கம் கேட்டு. விளக்கம் மேலே இருக்கிறது. யூலியாத்திக்கு அதே குழுவில் அதே அளவு எழுத்தில் பாராட்டு வர வேண்டும். எனக்கு மன்னிப்பு வர வேண்டும். அதுவரை, முன்யோசனை என்றால் என்னவென்று உனக்கு விளங்க வேண்டும் என்பதே என் பிரார்த்தனை.

உன் மனைவிக்கும் பெண்களுக்கும் எங்கள் ஸலாம். கண்ணுக்குத் தெரிந்தும் மனதுக்குள்ளும் நாங்கள் செய்த பிழைகளைப் பண்டிகை வழக்கப்படி பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
குற்றமற்ற,
வர்சிதோ

பி.கு.: இரண்டு வருஷத்தில் சீட்டுத் தரவுகள் எவ்வளவு வளர்ந்தன என்பதற்கு ஆதாரம் இணைக்கலாமே என்று இப்போது அளந்து பார்த்தேன். வட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட அவை இல்லை. மீதியெல்லாம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுக்கும் காப்பு நகல்கள். பழையவற்றைத் தானாக அழிக்கும் கட்டளை வரியை யாரோ நிறுத்திவைத்து, 'சோதனைக்காக. நாளை மறக்காமல் மறுபடி ஓட விடவும் – வர்சிதோ' என்று குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். நாள் பார்த்தேன், மூன்று வருஷம் ஆகிறது. பழைய நகல்களை எல்லாம் அழித்துவிட்டேன். புது இடம் நமக்குத் தேவையே இல்லை. திருப்பித் தரலாம் என்றால் இந்தக் கோப்பு அமைப்பைப் பெருக்கத்தான் முடியும், சுருக்க முடியாது. கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். அதற்குள் உன் அக்கா இதை, இந்தப் பி.கு. சேருவதற்கு முன்பே, உங்கள் அம்மாவுக்குப் போனில் முழுக்க வாசித்துக் காட்டிவிட்டாள். அம்மா அழுதுவிட்டாராம். பண்டிகையன்று அவர் உன்னைத் திட்டும்போது, தம்பி, தயவுசெய்து குறுக்கே எதுவும் பேசாதே.