பேராயர் உட்காராத நாற்காலி

பாட்ஸ் க்ரீக்,
சனிக்கிழமை.

மிகுந்த அன்புக்கும் மரியாதைக்கும் உரிய வெஸ்டா அத்தைக்கு, லவீனா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். பால்டிமோரில் உங்கள் மூட்டு வலியும் மாமாவின் முன்கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இந்த வருஷம் நண்டு பரவாயில்லை, சிப்பி மோசம்.

அத்தை, பேராயர் நாற்காலியின் காலில் ஒரு முடிச்சு இருக்கிறது. போன வாரம் கோயிலைக் கூட்டித் துடைக்கும்போது பார்த்தேன். அப்பா நண்டுக் கயிற்றில் போடுகிற அதே முடிச்சு. மேலே பழுப்பு வண்ணம் பூசி, செதுக்கிய கொடி மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். விரலால் தொட்டேன், கால் ஆடியது. கால் இரண்டாகப் பிளந்து கயிற்றில்தான் நிற்கிறது. பேராயரைத் தவிர வேறு யாரும் உட்காரக் கூடாத நாற்காலி அது. ஆனால் பேராயர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பலிபீடத்துக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த மிஸ் ரெட்டாவிடம் போய்ச் சொன்னேன். நான் பேசியதே அவருக்கு ஆச்சரியம். "ஏண்டி, பதினாறு வருஷமா வாயைத் திறக்காத பொண்ணு, திறந்ததும் இதைத்தானா பேசணும்?" என்றார். "அந்தக் கால்ல ஊதாத் துணி தொங்குமே, எங்கே அது?" துவைக்க எடுத்தேன் என்றேன். "அதைத் தைச்சதே உங்க அத்தை வெஸ்டாதான். எதுக்குத் தைச்சான்னு நினைச்சே? அழகுக்கா?" ஆகவே உங்களுக்கும் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அதன் பிறகு நம் பர்னபா கோயிலின் சரித்திரத்தை ஆளுக்கொரு துண்டாகச் சொன்னார்கள். நம் கோயிலில் வேறு சரித்திரமே நடக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கேப்டன் நாட்டிங்ஹாம் தன் உடைந்த கப்பலின் மரத்தில் அந்த நாற்காலியைச் செய்தாராம். கோயில் பிரதிஷ்டைக்கு வந்த முதல் பேராயர் அதில் உட்கார்ந்ததும் படக்கென்று ஒரு சத்தம். அவர் நல்ல மனிதர். விழாமல் முழங்காலை மடக்கி, பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் முழு ஆராதனையையும் முடித்துவிட்டு, முகமெல்லாம் வியர்வையோடு, "இத்தனை சௌகரியமான நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை" என்று சபைக்கு முன்னால் சொல்லிவிட்டுப் போனாராம். அதுதான் ஆபத்தாகப் போய்விட்டது. நாற்காலியைப் பழுது பார்த்தால் பேராயர் பொய் சொன்னதாக ஆகும். பழுது பார்க்காவிட்டால் அடுத்த பேராயர் விழுவார். அதனால் பழுதும் பார்ப்பதில்லை, உட்காரவும் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள்.

கோயிலுக்குள் பொய் சொல்லக்கூடாது என்பதிலும் நம் ஆட்கள் கண்டிப்பு. இரண்டாம் பேராயர் வந்தபோது "வார்னிஷ் ஈரம்" என்று சொல்ல வேண்டியிருந்ததால், அன்று விடியற்காலையில் உண்மையாகவே வார்னிஷ் அடித்தார்களாம். அடுத்தவருக்கு, நாற்காலியில் குழந்தை தூங்குகிறது என்று சொன்னார்களாம். தூங்கிய குழந்தை நம் மூப்பர் செவர்ன் டைஸ். இப்போதும் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "இந்தச் சபைக்கு நான் செஞ்ச முதல் சேவை அது" என்கிறார். அதற்கடுத்தவருக்குப் பூனை, குட்டிகளோடு. அதற்குப் பிறகு, பிள்ளைகளின் தலையில் கை வைத்துச் சபையில் சேர்க்கிற திடப்படுத்தலுக்குத்தானே பேராயர் உட்கார வேண்டியிருக்கிறது, அதை டவுனிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகளை அங்கே அனுப்ப ஆரம்பித்தார்கள். நீங்கள், அப்பா, எல்லாரும் டவுன் பெரிய கோயிலில் திடப்பட்டது அந்தப் பெரிய கோயில் மேலிருந்த பக்தியால் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்.

அத்தை, எனக்கு டவுனுக்குப் போகப் பிடிக்கவில்லை. பெரிய கோயில் திடப்படுத்தல் வகுப்பில் இருப்பவர்கள் நான் பள்ளிக்கூடத்தை விடும்வரை என்னோடு படித்த பெண்கள்தான். நண்டுக் கொட்டகையில் வேலை செய்கிறவள் எத்தனை எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் அவர்களுக்கு வாசனை தெரிந்துவிடும். போன முறை கடைத்தெருவில் ஒருத்தி, "யாரோ நண்டுப் பானையைத் திறந்துட்டாங்க போல" என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள். ஆனால் திடப்படாமல் திருவிருந்து அப்பம் வாங்க முடியாது. ஒவ்வொரு ஞாயிறும் எல்லாரும் எழுந்து பலிபீடத்துக்குப் போகும்போது, "லவீனா, கோட்டுகளைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் கோட்டுகளோடும் டைஸின் நாயோடும் உட்கார்ந்திருக்கிறேன். நாய்க்கும் எனக்கும் அந்த நேரத்தில் ஒரே முகம். அதனால்தான் புதிதாக வந்த ஹேல் பாதிரியாரிடம் ஒரே ஒரு முறை, "இங்கேயே ஆகுமா?" என்று கேட்டேன். அவர் மூன்று ஊர்களுக்கு ஒரே பாதிரியார், நாற்காலி விஷயம் தெரியாது. சந்தோஷப்பட்டுப் பேராயருக்கு எழுதிவிட்டார். நாளைக் காலை டவுனுக்குப் போகிற வழியில் பேராயர் இங்கே வருகிறார்.

நேற்று மிஸ் ரெட்டாவின் சமையலறையில் கூட்டம். சும்மா இருக்க முடியாமல் நான் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே நின்றேன். துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தேன்.

"வார்னிஷ் அடிச்சிடலாம்," என்றார் டைஸ்.

"இந்த ஈரக் காத்துல அடுத்த மாசம்கூடக் காயாது. அப்புறம் நம்ம கோட்டுல ஒட்டும்," என்றார் மிஸ் ரெட்டா.

"அப்ப ஒரு குழந்தை."

"எங்கே இருக்கு குழந்தை? இந்தச் சபையிலேயே சின்னவ இவதான். வேணும்னா நீரே மறுபடி ஏறிப் படும். பழக்கம் இருக்கே."

"பூனை?"

"இந்தப் பேராயருக்குப் பூனைன்னா தும்மல். போன தடவை பாதிப் பிரசங்கம் தும்மலாவே போச்சு, ஞாபகம் இல்லையா? நல்ல பிரசங்கம்னு நீர்தான் சொன்னீர்."

"நேரா சொல்லிட்டா என்ன?" என்று அப்பா கேட்டார். எல்லாரும் அப்பாவை, யாரோ செத்துப் போனதுபோலப் பார்த்தார்கள். "எழுபது வருஷமா மறைச்சதை இப்ப சொன்னா, மறைச்சோம்னுல்ல ஆயிடும்?" என்றார் மிஸ் ரெட்டா. பிறகு என் பக்கம் திரும்பி, குரலை இறக்கி, "கண்ணு, ஒரு நாள்தானே, டவுனுக்குப் போயிட்டு வந்திடேன். உன் ஒருத்திக்காக மொத்தக் கோயில் மானமும் போகணுமா?" என்றார். சரி என்றேன். எனக்கு வருகிற ஒரே வார்த்தை அதுதானே.

ஆனால் டவுனுக்கும் போகப் போவதில்லை. இதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். காலையிலிருந்து மூன்று வேலையை ஆரம்பித்து மூன்றையும் பாதியில் விட்டுவிட்டேன். கோட்டுகளைப் பார்த்துக்கொள்ளவும் ஒருவர் வேண்டும்தானே. திடப்படுத்தலுக்கு என்று நீங்கள் தைத்து அனுப்பிய வெள்ளை உடையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கை கொஞ்சம் நீளம், மற்றபடி மிக அழகு. யாருக்காவது ஆகும். அடுத்த வாரம் பார்க்க வருவதாக எழுதியிருந்தீர்கள், பார்க்க ஒன்றுமில்லை, வர வேண்டாம். மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். கர்த்தர் உங்கள் மூட்டுகளை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
லவீனா.

பி.கு. தபால் ஆபீஸ் திங்கட்கிழமைதான் திறக்கும், அதனால் கடிதம் இன்னும் என்னிடமே இருக்கிறது. இப்போது ஞாயிறு மத்தியானம். மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள், உடையின் கை நீளம் என்பதைத் தவிர.

நான் கடைசி வரிசையில் கோட்டுகளோடு இருந்தேன். பேராயர் வந்ததும், "அந்தப் பொண்ணு எங்கே?" என்றார். மிஸ் ரெட்டா, "அவ டவுன்ல வாங்கிக்கறேன்னு சொல்லிட்டா, பேராயரே" என்றார். "நான் இங்கே நிக்கறேன், அவ ஏன் அங்கே போகணும்?" என்று சொல்லிக்கொண்டே பேராயர் நேராக நாற்காலிக்குப் போய்க் கைப்பிடியில் கை வைத்தார். பெரிய உடம்பு, அத்தை, டைஸைப் போல ஒன்றரை மடங்கு. டைஸ் கூரையைப் பார்த்தார். மிஸ் ரெட்டா கண்ணை மூடி ஜெபித்தார். பேராயர் குனிய ஆரம்பித்தார்.

"உட்காராதீங்க, கால் உடைஞ்சிருக்கு" என்று ஒரு சத்தம் கேட்டது. அது நான்.

பேராயர் நிமிர்ந்தார். "தெரியும்மா," என்றார். "எனக்கு முன்னால இருந்தவர் போகும்போது மத்ததெல்லாம் மறந்துட்டார், 'பர்னபால மட்டும் உட்கார்ந்திடாதே'ன்னு சொல்ல மறக்கலை. அவருக்கு அவருக்கு முன்னால இருந்தவர் சொன்னது."

"அப்ப எதுக்குக் கை வெச்சீங்க?" என்றார் டைஸ். அவர் குரல் கிறீச்சிட்டது.

"நாங்க ஒவ்வொருத்தரும் வெச்சுப் பார்ப்போம். எப்பத்தான் சொல்லுவீங்கன்னு. நாங்களா சொன்னா உங்க மனசு புண்படும்."

"அப்ப நான் குழந்தையா அதுல தூங்கினது…"

"முழிச்சுக்கிட்டுதான் இருந்தீங்களாம். அவரைப் பார்த்துச் சிரிச்சீங்களாம்."

டைஸ் தன் நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மிஸ் ரெட்டா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், திட்டுவதற்கு வாயைத் திறந்தார், பிறகு ஊதாத் துணியை நாற்காலியிலிருந்து எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "சரி, இப்ப எதுல உட்காரப் போறேன்?" என்று பேராயர் என்னிடம் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் உள்ளே போய், சாப்பாட்டுக் கூடத்து இரும்பு மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து, பலிபீடத்துக்கு முன்னால் விரித்து, முதலில் நானே உட்கார்ந்து பார்த்துவிட்டு, எழுந்து அவருக்கு விட்டு, அவர் முன்னால் முழங்காலிட்டேன்.