பிரியாணிப் படகில் ஏறிய ஆர்கெஸ்ட்ரா மாஸ்டர்

கல்யாண வீட்டில் கையை வீசிக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கோபத்தால் ஒருமுறை பழவேற்காடு ஏரியில் விழுந்திருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அண்ணனுக்குக் கல்யாணம். பெண்வீடு ஏரிக்கு அக்கரையில், சுண்ணாம்புகுளத்தில். மெட்ராஸ் ஆர்கெஸ்ட்ராவோடு வருகிறோம் என்று நான் அளந்துவிட்டேன். பெண்ணைப் பெற்ற அத்தா சும்மா இருப்பாரா? "பாட்டு காதுல உயுந்தாத்தான் மாப்பிள்ளைக்குக் கரையில எடம். இல்லாங்காட்டி அப்டியே திரும்பிக்கினு போங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொன்னதைச் செய்கிற ஆள்.

வயலின், டிரம்பெட், டிரம் எல்லாம் வந்தன. கூடவே வெள்ளைக் கோட்டில் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். கையில் வெறும் குச்சி. எங்கள் ஊர் பேண்டில் தலைவன்தான் பெரிய வாத்தியம் வைத்திருப்பான். சும்மா வருகிறவன் எடுபிடி. (குச்சி பிடிப்பதெல்லாம் ஒரு வேலையா?) வாத்தியக்காரர்களை முதல் படகில் அனுப்பிவிட்டு, அவரைக் கடைசிப் படகில் பிரியாணி தேக்சாவின் மூடியைப் பிடித்துக்கொள்ள உட்காரவைத்தேன். முகம் சுளிக்காமல் பிடித்துக்கொண்டார். நடுப் படகில் அண்ணனும் நானும்.

கரை தெரிந்தது. முதல் படகில் சத்தமே இல்லை.

"வாசிங்கய்யா! வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"மாஸ்டர் கை காட்டாம எப்டி சார்? அதோ, சோத்துப் படகுல குந்திக்கினு கீறாரே!" என்றார் வயலின்காரர்.

கரையில் பெண்ணின் அத்தா காதருகே கையைக் குவித்து நின்றார். மாலைக்குள்ளிருந்து அண்ணன், "டேய், கல்யாணம் நின்னுச்சுன்னா உன்ன இங்கியே முக்கிடுவேன்" என்றான். அந்தச் சிரமத்தை அவனுக்கு வைக்கவில்லை. மாஸ்டரை இழுத்துவரப் பின்னால் வந்த பிரியாணிப் படகுக்குத் தாவினேன், நேரே தண்ணீரில்.

மார்பளவுதான். எழுந்து நின்றேன். மாஸ்டர் தேக்சா மூடியை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அவர் கோட்டுக்குள்ளிருந்து புல்லாங்குழலை எடுத்து, ஆடுகிற படகில் நின்று வாசித்தார். ஏரியே வாயை மூடிக்கொண்டது. வாசித்தபடியே தலையை அசைத்தார். முதல் படகில் அத்தனை வாத்தியமும் ஒரே மூச்சில் சேர்ந்தன. அப்படி ஒன்றை நான் அப்புறம் கேட்டதில்லை.

பெண்ணின் அத்தா முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கைகொடுத்தார், மாஸ்டருக்கு. அண்ணன் தானே இறங்கிக்கொண்டான்.

சாப்பிடும்போது மன்னிப்புக் கேட்டேன். மாஸ்டர் அரைகுறைத் தமிழில் சொன்னார்: "மணிலால சர்ச் ஃப்ளூட். கப்பல்ல மொதல்ல கிச்சன், அப்றம் ஃப்ளூட். கல்கத்தா ஓட்டல்ல குச்சி. இங்க மறுபடி கிச்சன். பரவால்ல, பிரியாணி நல்லா இருக்கு."

இன்றும் கல்யாணங்களில் நான் யாரையாவது அதட்டினால் அண்ணன் பிள்ளைகள், "சாச்சா கையில அந்த மூடியக் குடுங்கப்பா" என்கிறார்கள். கொடுத்தும் விடுகிறார்கள். பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் அளவுக்கு நேராகப் பிடிக்க இன்னும் வரவில்லை.