கயிறு அண்ணையின் அவிழாத முடிச்சு

ரொறன்ரோவில் நம்மவர்களுக்கு இல்லாத சங்கம் கிடையாது. ஊருக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, அந்தப் பள்ளிக்கூடச் சங்கத்தில் சண்டை பிடித்துப் பிரிந்தவர்களுக்கு இன்னொன்று. பயந்தாங்கொள்ளிகளுக்கு மட்டும்தான் இன்னும் யாரும் தொடங்கவில்லை. தொடங்கினால் கயிறு அண்ணைதான் போட்டியின்றித் தலைவர். செயலாளர் பதவியை மட்டும் தயவுசெய்து எனக்கு விட்டுவிடுங்கள்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. நானும் அவரும் ஸ்காபரோவில் ஒரு களஞ்சியத்தில் பதினெட்டு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். லொறியில் ஏற்றிய சாமான்களைக் கயிறு போட்டு இறுக்குவது அவர் வேலை. அவர் கட்டிய சாமான் வன்கூவர் வரைக்கும் போய் ஒரு அங்குலம் அசையாமல் இறங்கும். ஆனால் இறக்குகிறவர்கள் கயிற்றை வெட்டித்தான் எடுக்கவேண்டும். முடிச்சு அப்படி. "கட்டினால் கட்டினதுதான் ஐசே. அவிழுறதுக்குப் பேர் முடிச்சில்லை" என்பார்.

இருந்ததும் ஒரே கட்டடத்தில்தான், வோபர்ன் பக்கம். எனக்கு மூன்றாம் மாடி, அவருக்கு ஒன்பதாம் மாடி. எலிவேற்றரில் ஏறமாட்டார். அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறுவார். மூன்றாம் மாடியில் நின்று என் வீட்டுக் கதவைத் தட்டித் தண்ணீர் குடிப்பார்.

"கம்பியிலை தொங்கிற பெட்டி. அதுக்குள்ளை மனிசன் ஏறுவானோ?"

நான் ஏறுவேன். ஏறிவிட்டுக் கதவு திறக்கும்வரை முருகனைக் கூப்பிடுவேன். அவருக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அண்ணைக்கு வெளிச்சமானதும் பேய்தான். 401 நெடுஞ்சாலை பேய், சுரங்க ரயில் பேய், மைக்ரோவேவ் சின்னப் பேய். விமானம் எல்லாவற்றுக்கும் பெரிய பேய். "கனடாவுக்கு விமானத்திலைதானே வந்தனீங்கள்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"நித்திரைக் குளிசை போட்டுக்கொண்டு ஏறினனான். வந்து இறங்கினது எனக்கு இன்னும் தெரியாது."

இந்த மனிதரோடு முப்பத்தொரு வருடம் வாழ்ந்தவர் அக்கா, அவர் மனைவி. பொறுமைக்குப் பரிசு கொடுப்பதென்றால் அக்காவைத் தேடிப்போய்க் கொடுக்கவேண்டும். அந்த அக்காவே போன வருடம் மார்கழி மாதம், நான் அவர்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, நான் கனடாவிலை பாத்தது மூண்டு இடம். வீடு, கோயில், தமிழ்க்கடை. அவுஸ்திரேலியாவிலை தங்கச்சி கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைச்சுப்போனாள். வாற ஆவணிக்கு நான் போறன். இவர் வந்தால் வரட்டும். வராட்டில் இருக்கட்டும். திரும்பி வாறதைப் பற்றி அங்கை போய் யோசிப்பன்."

அண்ணையின் முகம் அவித்த கீரை மாதிரி ஆனது. மனைவி ஆகாயத்தில் தனியாகப் போவது ஒரு பயம். திரும்பி வராமல் விடுவது அதைவிடப் பெரிய பயம். தானும் கூடப் போவது எல்லாவற்றிலும் பெரியது. மூன்று பயத்துக்கும் நடுவில் நின்ற மனிதர் ஒரு மாதம் யோசித்தார். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு போட் வாங்கினார்.

அதற்கு அவர் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். ரொறன்ரோவுக்கு வடகிழக்கே ஒரு கால்வாய் இருக்கிறது. ஏரியை ஆற்றோடும் ஆற்றை ஏரியோடும் தொடுத்துக்கொண்டு போகும். வெட்டின கால்வாய்க்குள் மணிக்குப் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது, சட்டம். அண்ணை அந்தச் சட்டத்தைக் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"பத்துக் கிலோமீற்றர் ஐசே! நான் நடந்தால் அஞ்சு. கனடாவிலை இதைவிட மெதுவாப் போற வாகனம் இல்லை. இவவுக்கு ஊர் சுத்திக் காட்டினமாதிரியும் ஆச்சு, ஆகாயத்திலை ஏறாமல் விட்டமாதிரியும் ஆச்சு."

இந்த வருடக் கோடையில் ஒரு தரம் கால்வாயில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது; அக்காவுக்குப் பிடித்துவிட்டால் அவுஸ்திரேலியாவை மறப்பது. இதுதான் இருவருக்குமிடையில் ஒப்பந்தம். சாட்சி நான்.

வாங்கியது இருபத்துநாலு அடிப் பழைய போட். சின்ன அறை, இரண்டு படுக்கை, முழங்கால் இடிக்கிற ஒரு கழிப்பறை. விற்றவர் ஒரு வயதான வெள்ளைக்காரர். போட் ஓட்ட ஒரு பரீட்சை இருக்கிறது. அண்ணை அதில் ஒரு கேள்விகூடப் பிழைவிடவில்லை. விடைகள் எல்லாம் "எது கூடப் பாதுகாப்பானது" என்பதாகவே இருந்தன, அவர் பிறந்ததிலிருந்து படித்த பாடம்.

பூசைக்கு வந்த ஐயருக்குத்தான் குழப்பம். புதுக் கார் என்றால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிக்கலாம். போட்டுக்குச் சில்லு ஏது? கடைசியில் போட்டைச் சுமந்து நின்ற ட்ரெயிலரின் சில்லுகளுக்கு வைத்து இழுத்தார்கள். "அப்ப ஆசீர்வாதம் ட்ரெயிலருக்குத்தானே ஐயா, போட்டுக்கு என்ன காவல்?" என்று அண்ணை கேட்டார். ஐயர் தட்சணையை எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார். அன்றிலிருந்து போட்டின் மூக்கில் ஒரு தேசிக்காய் தொங்குகிறது, அண்ணையின் முடிச்சோடு.

பெற்றோல் எஞ்சினைத் தொடங்க முன்னர் காற்றாடியைப் போட்டு நாலு நிமிடம் உள்ளே இருக்கிற ஆவியை வெளியேற்றவேண்டும். அண்ணை இருபது நிமிடம் போடுவார். மூன்று பேருக்கு மூன்று மிதவைச் சட்டை போதும், ஒன்பது வாங்கினார். கரையில் உரசாமல் இருக்கப் பக்கவாட்டில் காற்றடைத்த உருளைகள் தொங்கவிடுவார்கள். அது போதாதென்று பாஸ்மதி அரிசிப் பைகளுக்குள் பழைய தலையணைகளை அடைத்துப் பன்னிரண்டு கட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் எங்கள் போட் வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட ஒரு பலசரக்குக் கடை.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். 401இல் போனால் போட் கட்டுகிற மரீனாவுக்கு இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. சின்ன ரோட்டுகளால் போய் நாலேகால் மணித்தியாலத்தில் சேர்ந்தோம். நான் ஏன் போனேன் என்று கேட்கிறீர்களா? எனக்கு நீந்தத் தெரியாது. குளியலறைத் தொட்டியில்கூடப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். ஆனால் அண்ணை வந்து, "தம்பி, பயமாக் கிடக்கு. நீர் வாரும்" என்றார். பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிற மனிதரை எப்படித் தனியே விடுவது?

முதல் ஒரு மணித்தியாலம் சொர்க்கம் என்று அக்கா சொன்னார். கரையில் மரங்கள், ஒரு நாரை, கை காட்டுகிற சனம். ஒரு வாத்துக் குடும்பம் எங்களை முந்திக்கொண்டு போனது. அண்ணை அதற்கு வழி விட்டார். நான் கைப்பிடியைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்துப்போய் இருந்தன. ஆனாலும் அக்கா சிரித்துக்கொண்டு மட்டன் ரோல்ஸ் நீட்டியபோது, அவுஸ்திரேலியா மெல்ல மெல்லத் தூரப் போவது அண்ணையின் முகத்தில் தெரிந்தது.

பிறகு லொக் வந்தது.

லொக் என்பது என்னவென்று அண்ணை பரீட்சைக்குப் படித்திருந்தார், படத்தில் பார்த்திருந்தார். ஆனால் படத்தில் ஆழம் தெரியாது. கால்வாய் ஓரிடத்தில் பள்ளத்துக்கு இறங்கவேண்டும். அதற்காக இரண்டு பக்கமும் கொங்கிறீற் சுவர் எழுப்பி, முன்னும் பின்னும் பெரிய கதவு போட்டு வைத்திருக்கிறார்கள். போட் உள்ளே போனதும் பின்கதவை மூடி, தண்ணீரைக் கீழே திறந்து விடுவார்கள். தண்ணீரோடு போட்டும் இறங்கும். அடியில் முன்கதவு திறக்கும்.

அண்ணை முன்கதவுக்கு அப்பால் எட்டிக் கீழே பார்த்தார். வீட்டுக்கூரை உயரத்துக்குப் பள்ளம்.

"ஐசே," என்றார் மெதுவாக. "இது எலிவேற்றரெல்லோ?"

திரும்ப வழியில்லை. பின்னால் நாலு போட். லொக்கில் வேலை செய்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண் மேலே சுவரில் நின்று பொறுமையாக விளக்கினார். எஞ்சினை நிற்பாட்டுங்கள். முன்னுக்கு ஒருவர், பின்னுக்கு ஒருவர், கயிற்றைச் சுவரிலுள்ள இரும்புத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் பிடியுங்கள். போட் இறங்க இறங்கக் கயிற்றை விட்டுக்கொண்டே இருங்கள். கட்டவேண்டாம். இதை மூன்று தரம் சொன்னார். அண்ணை மூன்று தரமும் "யெஸ், யெஸ்" என்றார்.

பின்கயிறு என் கையில். யார் எதைச் சொன்னாலும் அப்படியே கேட்கிற அளவுக்கு எனக்குப் பயம். அதனால் சொன்னபடி பிடித்தேன். முன்கயிறு அண்ணையிடம்.

பின்கதவு மூடியது. கீழே எங்கோ தண்ணீர் உறுமத் தொடங்கியது. சுவர் வளரத் தொடங்கியது. ஈரமான, பாசி பிடித்த, கறுத்த சுவர். வானம் வரவர ஒடுங்கியது. கயிற்றை விட்டேன், விட்டேன், விட்டுக்கொண்டே இருந்தேன். நான் நிற்கிற பக்கம் கீழே போனது. முன்பக்கம் போகவில்லை.

ரோல்ஸ் பெட்டி உருண்டு வந்து என் காலில் இடித்தது. பிளாஸ்க் வந்தது. ஒன்பது மிதவைச் சட்டையில் மிச்சம் ஆறும் வந்தன. நிமிர்ந்து பார்த்தேன். போட்டின் மூக்கு அந்தரத்தில் நிற்கிறது. தேசிக்காய் ஆடுகிறது. கயிறு வீணைத் தந்தி மாதிரி விறைத்து நிற்கிறது.

"அண்ணை! கயிறை விடுங்கோ!"

"விடேலாது! கட்டிப்போட்டன்!"

"ஏனண்ணை கட்டினீங்கள்?"

"விழாமல் இருக்கத்தான் ஐசே!"

மேலே அந்தப் பெண் கத்தினார். யாரோ ஓடிப்போய்த் தண்ணீரை அடைத்தார்கள். அடைத்தாலும் போட் தொங்கியது தொங்கினபடிதான். கயிறு மாட்டியிருந்த இரும்பு போட்டின் பலகையிலிருந்து கிறீச்சிட்டுக் கழலத் தொடங்கியது. "கட் த ரோப்! கட் இற்!" முடிச்சை அவிழ்க்கலாம் என்று அந்தப் பெண்ணே நினைக்கவில்லை, பார்த்த உடனே அவருக்கு விளங்கிவிட்டது. நான் அன்று செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பிள்ளைகளின் முகம் வந்தது. கட்டாமல் விட்ட நூலகப் புத்தகத் தண்டம்கூட நினைவுக்கு வந்தது.

அப்போதுதான் அக்கா எழும்பினார். மாங்காய் வெட்டக் கொண்டுவந்த கத்தியைச் சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்தார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, சரிந்த தளத்தில் முழங்காலால் ஊர்ந்து ஊர்ந்து மேலே போனார். கைப்பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்த மனிதரின் கையில் கத்தியை வைத்தார்.

"வெட்டுங்கோ."

"என்ரை கயிறை நானே வெட்டுறதோ?"

"ஓம்."

"விழுந்திடுவமடி."

"விழுவம். நானும் இஞ்சைதானே நிக்கிறன். வெட்டுங்கோ."

அண்ணை கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தார். முப்பத்தொரு வருடத்தில் அன்றுதான் ஒழுங்காகப் பார்ப்பவர்போல அவ்வளவு நேரம் பார்த்தார். பிறகு வெட்டினார்.

தொபுக்கடீர்!

போட் தண்ணீரில் விழுந்து, ஒருதரம் குதித்து, பாஸ்மதிப் பைகளில் இடித்து, ஆடி, நின்றது. மூவரும் தொப்பலாக நனைந்திருந்தோம். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சனம் கை தட்டியது. அக்கா சிரிக்கத் தொடங்கினார். நிற்பாட்ட முடியாமல் சிரித்தார். நான் அழுதேன், வெட்கமில்லாமல்.

அண்ணை சுற்றும் முற்றும் பார்த்தார். தன் கை கால்களைத் தொட்டுப் பார்த்தார்.

"அவ்வளவுதானோ?" என்றார்.

இன்னொருதரம், கொஞ்சம் கோபத்தோடு கேட்டார். "விழுறதெண்டால் அவ்வளவுதானோ?"

லொக்கின் முன்கதவு திறந்து வெயில் உள்ளே வந்தது. எஞ்சினைத் தொடங்கமுன் இருபது நிமிடம் காற்றாடி போட்டார். அந்த இருபது நிமிடத்துக்குள்தான் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் அவரிடம் சொன்னார். "அவுஸ்திரேலியா ரிக்கற்றை ரெண்டாப் போடும்."

ஆவணியில் நான்தான் அவர்களை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டேன், 401இல். அண்ணை வழி முழுக்கக் கண்ணை மூடியிருந்தார். ஆனால் நித்திரைக் குளிசை போடவில்லை. சூட்கேஸ்களில் போட்டிருந்த முடிச்சுகளைப் பார்த்து அங்கே வேலை செய்தவர்கள் மூன்று பேர் கூடிப் பேசினார்கள். உள்ளே போகமுன் அண்ணை போட்டின் சாவியை என் கையில் வைத்தார்.

"பயமில்லையோ அண்ணை?"

"ஏன் இல்லை? கால் நடுங்குது, பாரும்." காற்சட்டையைத் தூக்கிக் காட்டினார். உண்மையாகவே நடுங்கியது. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

இப்போது இலைகள் சிவந்துவிட்டன. தண்ணீர் உறைய முன்னர் போட்டை வெளியே எடுத்து, குழாய்களுக்குள் உறையாத மருந்து ஊற்றி, பிளாஸ்ரிக்கால் மூடவேண்டும். மரீனாக்காரர் இரண்டு தரம் கேட்டுவிட்டார், கயிற்றை வெட்டி எடுக்கட்டுமா என்று. வேண்டாம், கட்டின ஆள் வரும் என்றேன். சனிக்கிழமைகளில் சின்ன ரோட்டுகளால் நாலேகால் மணித்தியாலம் கார் ஓடிப்போய் முடிச்சுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். அவை இளகியிருக்காது என்று எனக்குத் தெரியும்.

நேற்று அண்ணை சிட்னியிலிருந்து போன் எடுத்தார். கடற்கரையில் நிற்கிறாராம், முழங்கால் அளவு தண்ணீரில். "நல்லாக் கிடக்கு ஐசே, இன்னும் கொஞ்ச நாள் நிப்பம் எண்டு இவ சொல்லுறா" என்றார். நானும் நல்லது அண்ணை, நில்லுங்கோ என்றுதான் சொன்னேன்.

எலிவேற்றர், 401, தண்ணீர் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் போனை வைத்ததிலிருந்து இந்தச் செயலாளருக்கு ஒரே ஒரு பயம்தான், தலைவர் அங்கேயே தங்கிவிடுவாரோ என்று.