கேள்வி அக்கா பரப்பிய காய்ச்சல்

அன்றைய கூட்டத்தில் இருந்தவர்கள்: நகரச் சுகாதார அதிகாரி, துணை அதிகாரி, வெளியூரிலிருந்து வரவழைக்கப்பட்ட கணித நிபுணர், தனி நாற்காலியில் அவருடைய மடிக்கணினி, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்ற சுகாதாரப் பணியாளர். ஆக மனிதர் நால்வர், கணினி ஒன்று. காய்ச்சலுக்கு அழைப்பு அனுப்பப்படவில்லை.

சுவரோரம் நின்றவளைத் தெருவில் கேள்வி அக்கா என்பார்கள். வீடு வீடாகப் போய் விசாரிப்பது அவள் வேலை.

"ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறான்னு தெரிஞ்சா போதும்," என்றார் நிபுணர். "காய்ச்சல் யாரால பரவுது, எப்ப நிக்கும், எல்லாத்தையும் கணினி சொல்லிடும்."

"காய்ச்சல்காரங்களைப் போய்ப் பார்க்க வேண்டாமா சார்?" என்றாள் அவள்.

"அவங்களைப் பார்த்தா மனசு இளகிடும். கணக்கு தப்பிடும்," என்றார் அதிகாரி.

மறுநாள் கிளம்பினாள். யாரும் யாரையும் சந்திக்கக் கூடாது, மீறினால் அபராதம் என்று ஏற்கெனவே உத்தரவு இருந்தது. முதல் வீடு தையற்காரருடையது. வாசலில் பன்னிரண்டு ஜோடிச் செருப்பு.

"இன்னிக்கு எத்தனை பேரைப் பார்த்தீங்க அண்ணே?"

"யாரையும் பார்க்கலைம்மா."

"உள்ளே சீட்டாடுற சத்தம் கேக்குதே?"

"டிவி."

"டிவியில யாரோ இருமுறாங்க."

"இப்பல்லாம் தத்ரூபமா எடுக்கிறாங்க."

"ஒருத்தரைக்கூடவா பார்க்கலை?"

தையற்காரர் யோசித்தார். "பொய் சொல்லக் கூடாது. உன்னைப் பார்த்தேன். ஒண்ணுன்னு போட்டுக்கோ."

அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலும் இதே நேர்மை.

விவரங்களை விழுங்கிய கணினி அரை நாள் முனகிவிட்டு முடிவைத் துப்பியது. நிபுணர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். இந்நகரில் எவரும் எவரையும் சந்திப்பதில்லை. எல்லோரும் சந்தித்தது ஒரே ஒருத்தியை. ஆகவே காய்ச்சல் அவளால் மட்டுமே பரவுகிறது.

மூன்று பேரும் சுவரோரம் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குக் காய்ச்சலே இல்லையே சார்!"

"உனக்கு வந்திருந்தா நீ படுத்திருப்பே, இவ்வளவு பரவியிருக்காது," என்றார் அதிகாரி. "இல்லாததுதான் ஆபத்து."

அன்று மாலையே அவளைத் தனிமை வார்டில் வைத்துப் பூட்டினார்கள். தொற்று முற்றுப்பெற்றது என்று அறிவிப்பு வந்தது. ஊரே திரண்டு வந்து, முண்டியடித்து, அதிகாரிக்கு மாலை போட்டது.

நான்காம் நாள் அவள் ஜன்னல் வழியே துணை அதிகாரியைக் கெஞ்சினாள். "பொண்ணு வீட்ல அழுதுட்டிருக்கா சார். அதான் காய்ச்சல் நின்னுடுச்சே, என்னை விட்டுடுங்க."

"நீ உள்ளே இருக்கிறதாலதான் நின்னிருக்கு. நின்னிருக்கிற வரைக்கும் நீ உள்ளேதான் இருக்கணும்."

"மறுபடி வந்தா?"

"அப்ப உன் மேல தப்பில்லைன்னு ஆயிடும். விட்டுடுவோம். ஆனா வராது."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் தையற்காரர் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். அந்த அம்மாளின் உடம்பு அனலாய்க் கொதித்தது. பின்னால் இருமிக்கொண்டே ஒரு நீண்ட வரிசை.

"ஒரு கட்டில் கொடுங்க சார்."

"எதுக்கு? தொற்றுதான் முடிஞ்சுபோச்சே. இது வேற காய்ச்சல். இதுக்கு இன்னும் கூட்டம் போடலை. சரி, சட்டப்படி கேக்குறேன். இந்த நாலு நாள்ல யாரையாவது பார்த்தீங்களா? பார்த்திருந்தாதான் இது தொற்றுன்னு கணக்கு."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேள்வி அக்கா கத்தினாள். "அண்ணே, உண்மையைச் சொல்லிடுங்க! அண்ணிக்குக் கட்டில் கிடைக்கும். நானும் எம் பொண்ணுகிட்டப் போவேன்!"

தையற்காரர் வாயைத் திறந்தார். வரிசை இருமுவதை நிறுத்தியது. அவர் சொல்லிவிட்டால் அபராதம் அவர் ஒருவரோடு நிற்காது. அத்தனை கண்களும் அவர் முதுகில் ஊசியாய் இறங்கின. மனைவியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"யாரையும் பார்க்கலை சார்."

"பிறகென்ன, கூட்டிட்டுப் போய் வெந்நீர் கொடுங்க," என்றார் துணை அதிகாரி. வரிசை நிம்மதியாக இருமத் தொடங்கியது.

அன்றைய மாலை அறிக்கை: தனிமை வார்டில் கட்டில் நாற்பது. உள்ளே இருப்பவர் ஒருவர். மீதி முப்பத்தொன்பது.