டைனோசருக்குப் பின்னால் ஒரு பீரோ

"அய்யா, உங்களுக்குப் பின்னால் தெரியும் பீரோ உங்களுடையதா?"

கைபேசியில் இருந்த இந்த ஒரு வரியைக் குணசேகரன் திரும்பத் திரும்பப் படித்தார். அது ஒரு டைனோசர் வீடியோவுக்கு வந்திருந்த கருத்து. வீடியோவில் டைனோசர் இருந்தது. டைனோசரைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கும் குணசேகரன் இருந்தார். மற்ற எல்லாரும் இந்த இருவரில் ஒருவரைப் பற்றி எழுதியிருக்க, இந்த ஆள் மட்டும் பீரோவைப் பற்றிக் கேட்டிருந்தார். பெயர் 'அமைதிப்புறா'. படத்துக்கு ஒரு செம்பருத்திப் பூ.

"பேரு புறா, படம் பூவு. ரெண்டுல ஒண்ணு பொய்யி," என்றார் குணசேகரன்.

"ரெண்டுமே பொய்யாத்தான்ப்பா இருக்கும்," என்றான் மகன் அரவிந்த்குமார். இன்னும் நாலு பேர் இப்படிக் கேட்டால் வீடியோ நன்றாக ஓடும் என்பது அவன் கணக்கு. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவன்தான் அப்பாவை வைத்து 'அப்பா பாக்குறாரு' என்ற சேனலை நடத்தி வந்தான்.

சேனல் தானாக உருவானது. குணசேகரன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்த காலத்தில், ரூமில் எல்லாரும் சேர்ந்து ஒரு டைனோசர் தொடரைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் அவர் முழுசாகப் பார்த்த ஒரே தொடர் அது. இருபத்தைந்து வருடம் கழித்து அதே தொடரைப் புதுசாக எடுத்து, தமிழில் பேச வைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் போட ஆரம்பித்தார்கள். அறந்தாங்கியில் ஏசி சர்வீஸ் கடை வைத்து நிம்மதியாக இருந்த குணசேகரன், பழைய சிநேகிதனைப் பார்க்கிற ஆசையோடு டிவி முன்னால் உட்கார்ந்தார். மொட்டையாகப் போன சிநேகிதன் உடம்பெல்லாம் இறகோடு வந்தான்.

"இது கோழி," என்று எழுந்து நின்றுவிட்டார் குணசேகரன். "அன்னைக்கு இறகு இல்லைன்னு காட்டுனவனும் இவன்தான். இன்னைக்கு இருக்குன்னு காட்டுறவனும் இவன்தான். இருவத்தஞ்சு வருசமா நம்மகிட்ட மறைச்சிருக்கான். இன்னும் எதை எதை மறைச்சானோ."

ஆறரைக் கோடி வருடத்துக்கு முன்னால் அது குட்டிக்கு மீன் ஊட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் யார் என்றும் கேட்டார். இதை மகன் படம் பிடித்துப் போட, ஆலங்குடியிலிருந்து மணமேல்குடி வரை சிரித்தார்கள். பழைய தொடர்தான் உண்மையான தொடர் என்று ஒரு கூட்டமும், அய்யா சொல்வதைப் பார்த்தால் பழையதும் பொய்தான் என்று ஒரு கூட்டமும் கீழே சண்டை போட்டன.

அந்தச் சண்டைக்கு நடுவில்தான் இந்தப் பீரோ.

வேறு சமயமாக இருந்தால் குணசேகரன் விட்டிருப்பார். இப்போது மகள் கார்த்திகாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்க வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் யாரையாவது அனுப்பித் தெரு முக்கு டீக்கடையில் விசாரிப்பார்கள். ஏற்கெனவே இரண்டு வரன்கள், "விசாரிச்சுட்டுச் சொல்றோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். என்ன விசாரித்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. மூன்றாவது வரன் திருக்கோகர்ணத்திலிருந்து வந்திருந்தது. நல்ல பையன். கார்த்திகாவுக்கும் போட்டோவைப் பார்த்ததுமே பிடித்திருந்தது. அவர்களும் விசாரித்துக்கொண்டிருப்பதாகத் தரகர் ஞானமணி சொல்லியிருந்தார். அதிலிருந்து தெருவில் யாராவது வழி கேட்டால், குணசேகரன் வழியைச் சொல்லிவிட்டு, தன் மகளைப் பற்றியும் நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினார்.

பீரோவைக் கேட்பவன் திருடன் என்று முடிவு செய்தார். மகனும் அவருமாகத் தள்ளிப் பீரோவை உள்ளறைக்குக் கொண்டுபோனார்கள். பீரோ இருந்த இடத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. அவர் மனைவி செவந்தி அடுப்படியில் போனில் கோலம் பார்த்துக்கொண்டிருந்தவள், எழுந்து வந்து ஜன்னலைத் திறந்துவிட்டு, போனும் கையுமாகத் திரும்பிப் போனாள்.

அடுத்த வாரம் புறா எழுதியது: "இப்போது வெளிச்சம் நன்றாக வருகிறது. அந்த வெளிச்சத்தில் உங்கள் ஃபேன் தெரிகிறது. அதன் மேலே இருப்பது தூசியா, இறகா?"

இதற்கு விழுந்த சிரிப்புகள் டைனோசருக்கே விழவில்லை. அதன் பிறகு வீடியோ பார்த்தவர்களில் பாதிப் பேர் ஃபேனை மட்டும் பார்த்தார்கள். ஆறரைக் கோடி வருடத் தூசி என்று ஒருவர் கணக்குச் சொன்னார். குணசேகரன் ஸ்டூல் போட்டு ஏறி, இறக்கை இறக்கையாகத் துடைத்தார்.

திறந்த ஜன்னலால் வேறொரு கேடு வந்தது. பீரோ நகர்ந்ததையும் ஃபேன் துடைப்பதையும் தெருவே பார்த்தது. பால் ஊற்றும் செங்கமலம், எந்த ஊருக்குக் குடி போகிறீர்கள் என்று விசாரித்தாள். மறுநாள் ஞானமணி போன் செய்தார்.

"வீட்டைக் காலி பண்றீங்களாமே. மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாங்க."

"பீரோவைத்தாங்க நகட்டுனேன்."

"எதுக்குங்க நகட்டுனீங்க?"

டைனோசர் பார்க்கும்போது ஒரு புறா கேட்டது என்று சொல்ல வாயெடுத்த குணசேகரன், ஒரு தகப்பனாக யோசித்து, போனை வைத்துவிட்டார்.

அந்தக் கோபம் அடுத்த வீடியோவில் வெடித்தது. திரையில் ஒரு பெரிய டைனோசர் சின்ன டைனோசரைத் துரத்திக்கொண்டிருக்க, அவர் கேமராவைப் பார்த்து, "ஏய் புறா, ஆம்பளையா இருந்தா நேர்ல வா. ஒன் இறகைப் புடுங்கிக் கையில குடுக்குறேன்," என்றார். பார்த்தவர்கள் இதைத் தனியாக வெட்டி எடுத்து ஊரெல்லாம் அனுப்பினார்கள்.

புறா அமைதியாகப் பதில் சொன்னது: "கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டில் அய்யா வெறும் துண்டோடு உட்கார்ந்திருக்கிறார். ஒரு சட்டை போட்டுக்கொள்ளலாமே."

கார்த்திகா எந்த வீடியோவிலும் வந்ததில்லை. பெண் இருப்பது எப்படித் தெரியும்? அப்படியானால் ஆள் உள்ளூர். உறவு. வரன்களைக் கலைப்பதும் அவனேதான்.

உறவில் போன், வீடியோ என்று விவரம் தெரிந்தவன் ஒருத்தன்தான். செவந்தியின் தம்பி மலையாண்டி. கறம்பக்குடியில் செல்போன் கடை வைத்திருந்தான். கார்த்திகாவுக்குத் தான் சொன்ன இடத்தைப் பார்க்கவில்லை என்று போன பொங்கலிலிருந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். குணசேகரன் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். கடையில் நாலு பேர் இருக்கும்போதே, புறா என்ற பெயரில் ஒளிந்துகொண்டு பீரோவைப் பற்றிக் கேட்டது நீதானே என்று கேட்டார்.

மலையாண்டி ஒரு போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். ஒட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"அந்தப் பீரோ எங்க அக்காவுக்கு எங்க அப்பா சீரா வாங்கிக் குடுத்தது, மச்சான். தஞ்சாவூருல இருந்து வேன்ல ஏத்திக்கிட்டு வந்தது நானு. அது யாருதுன்னு நானே ஒங்களைக் கேப்பனா?"

குணசேகரன் குரலை உயர்த்தினார். மலையாண்டியும் உயர்த்தினான். கடைசியில், "இனிமே ஒங்க வீட்டு விசேசத்துக்கு நான் வரலை. சபையில தாய்மாமன் எங்கன்னு கேட்டா, அந்தப் புறாவைக் கூட்டியாந்து உக்கார வச்சுக்கங்க," என்றான்.

தாய்மாமன் இல்லாமல் நிச்சயத் தட்டு மாறாது. அதனால் செவந்தியிடம் விஷயத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. அவள் கேட்டுக்கொண்டாள். சோறு போட்டாள். ரசம் மட்டும் ஊற்றவில்லை.

மறுநாள் காலையில் புறா எழுதியிருந்தது: "தாய்மாமனைப் பகைத்துக்கொண்ட வீட்டில் எப்படிப் பெண் எடுப்பது?"

குணசேகரன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார்.

"பெண் எடுப்பது," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். நேற்று கறம்பக்குடியில் நடந்தது இன்று காலைக்குள் தெரிந்திருக்கிறது. திருடனுக்கு எதற்குத் தாய்மாமன்? புறா திருடன் இல்லை. மாப்பிள்ளை வீடு. டீக்கடையில் உட்கார்ந்து விசாரிக்கிற காலம் மலையேறிவிட்டது. வீட்டுச் சாமான் எப்படி, வீடு சுத்தமா, ஆள் சட்டை போடுகிறவனா, சொந்தபந்தத்தோடு ஒட்டுகிறவனா என்று எல்லாவற்றையும் டைனோசருக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார்கள். அவரோ வருங்காலச் சம்பந்தியை, ஊரே பார்க்க, நேரில் வந்தால் இறகைப் பிடுங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

"தம்பி, அந்த வீடியோவை அழிச்சிரு," என்றார் மகனிடம்.

"நான் அழிச்சுருவேன்ப்பா. பார்த்தவங்க எல்லாரும் அழிக்கணுமே," என்றான் அரவிந்த்குமார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குணசேகரன் தேய்த்த சட்டையும் திருநீறுமாக டிவி முன்னால் உட்கார்ந்தார். முதலில் மலையாண்டியின் பெயரைச் சொல்லி, தான் பேசியது தப்பு, அவன் இல்லாமல் இந்த வீட்டில் ஒரு நல்லது நடக்காது என்றார். பிறகு டைனோசர் வந்தது. "இறகு நல்லாத்தான் இருக்கு. குளிர் காலத்துக்கு ஆகும்," என்றார். இன்னொரு டைனோசர் ஒரு குட்டியைத் தின்றபோது, அதுக்கும் பசிக்கும்தானே என்று பெருந்தன்மையாகச் சொன்னார். வழக்கமாக, "ஏய், தேத்தண்ணி," என்று கத்துகிறவர், "செவந்தி, ஒனக்குச் சிரமமில்லைன்னா ஒரு வாய் தேத்தண்ணி," என்றார்.

பார்த்தவர்களுக்குப் பயங்கரச் சந்தேகம் வந்துவிட்டது. அய்யாவை யாரோ மிரட்டிப் பேச வைக்கிறார்கள் என்றார்கள். டைனோசர் கம்பெனி காசு கொடுத்துவிட்டது என்றார்கள். இது அய்யாவே இல்லை, கம்ப்யூட்டரில் செய்த அய்யா என்று ஒருவர் நிரூபித்தார். கை விரல்கள் சரியாக இருப்பதுதான் இடிக்கிறது என்று இன்னொருவர் வருத்தப்பட்டார். மலையாண்டி மட்டும் அந்த வீடியோவைக் கடை டிவியில் நாள் முழுவதும் ஓடவிட்டான் என்று கேள்வி.

புறா எழுதியது: "அம்மாவும் ஒரு நாள் உட்கார்ந்து டைனோசர் பார்க்கலாமே. அய்யாவுக்குத் தேநீர் போடத் தெரியாதா?"

தெரியாதுதான். கற்றுக்கொண்டார். அந்த வாரம் செவந்தி அவர் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, தொடரை முழுசாகப் பார்த்தாள். டைனோசர் முட்டை இடும் இடத்தில், தேத்தண்ணியில் சர்க்கரை பத்தவில்லை என்று மட்டும் சொன்னாள். குணசேகரன் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி உள்ளே போய்ச் சர்க்கரை எடுத்துவந்தார்.

இரண்டு நாளில் ஞானமணி போன் செய்தார். புதன்கிழமை நாள் நன்றாக இருக்கிறதாம். பெண் பார்க்க வருகிறார்கள்.

வந்தார்கள். மாப்பிள்ளை வசந்த், அவன் அப்பா ஆத்மநாதன், அம்மா பிரகதாம்பாள், கூடவே தரகர் ஞானமணி. ஆத்மநாதன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் டிக்கெட் எடுக்காதவனைப் பார்ப்பது போலவே பார்த்தார். மலையாண்டி முதல் ஆளாக வந்து தாய்மாமன் இடத்தில் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. கார்த்திகா காபி கொண்டுவந்தாள். வசந்தும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட விதத்தில், மிச்சமிருப்பது பெரியவர்கள்தான் என்று தெரிந்தது.

குணசேகரன் காபியைக் கீழே வைத்தார். ஆத்மநாதனைத் தனியாக வாசலுக்கு அழைத்துப் போனார்.

"அண்ணே, இறகைப் புடுங்குவேன்னு சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க."

ஆத்மநாதன் ஓரடி பின்னால் நகர்ந்தார். "யாரு இறகைங்க?"

"நீங்க பீரோவைக் கேட்டீங்கள்ல. அதுல வந்த கோவம்."

"பீரோவா? நாங்க வரதட்சணையே கேக்குற ஆளுங்க இல்லையே." அவர் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்துக் காட்டினார். பட்டன் போன். "விசாரிக்கணும்னு ஒங்க தெரு முக்குல ரெண்டு டீ குடிச்சேன். தங்கமான மனுசன், கோழியைக் கண்டா மட்டும் கோவம் வந்துரும்னாங்க. அம்புட்டுதான்."

குணசேகரன் திண்டாடி, டைனோசர் கதையை முதலிலிருந்து சொன்னார். ஆத்மநாதன் முகம் மாறியது.

"டைனோசருக்கு இறகா? நானும் அந்தப் பழைய தொடரை விடாமப் பார்த்தவன். மொழுமொழுன்னுல்ல இருக்கும்."

"அதைத்தாங்க நானும் சொல்றேன்."

இருவரும் உள்ளே வந்தபோது தோளில் கை போட்டிருந்தார்கள். தட்டு மாற்ற ஆவணியில் நாள் குறிக்கலாம் என்று ஆத்மநாதனே சொன்னார். அரவிந்த்குமார் இந்தச் சமயத்தை விடவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை திருக்கோகர்ணத்தில், ஆத்மநாதன் வீட்டிலேயே, சம்பந்திகள் இருவரும் சேர்ந்து டைனோசரைப் பார்த்தால் என்ன என்று கேட்டான். இரண்டு அப்பாக்கள் பார்த்தால் கூட்டம் இரண்டு மடங்கு. ஆத்மநாதன் வெட்கப்பட்டுக்கொண்டே சம்மதித்தார்.

எல்லாம் கூடிவந்தும் குணசேகரனுக்கு ஒன்று மட்டும் குடைந்தது. அவர்கள் இல்லையென்றால் புறா யார்? மலையாண்டியைப் பார்த்தார். அவன் மிக்சரில் முந்திரி தேடிக்கொண்டிருந்தான். ஞானமணியைப் பார்த்தார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். மகனைப் பார்த்தார். அவன் ஏற்கெனவே வீடியோவுக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தான்.

விடைபெறும் நேரம். குங்குமம் வாங்கிக்கொண்ட பிரகதாம்பாள், செவந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் பேசுவதாக நினைத்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"வீடியோ எல்லாத்தையும் நானும் பார்த்தேன் மதினி. எங்க வீட்டு ஃபேனும் துடைச்சு வருசக்கணக்காச்சு. ஞாயித்துக்கிழமை ஒங்க புறாவை அங்கிட்டும் கொஞ்சம் அனுப்பி விடுங்க."